ஓமக் குடிநீர் குடலைச் சுருக்குகிறது, எதனோல் சாறு தளர்த்துகிறது: எது ஓமத்தின் வேலை?

வாவிக்கரை:

வணக்கம். நான் மட்டக்களப்பில் உயிரியல் பயிலும் இறுதியாண்டு மாணவி. வயிற்றைப் பிடித்து முறுக்குகிறது என்று யாராவது சொன்னால் எங்கள் வீட்டில் முதலில் தேடுவது ஓமத் தண்ணீர்ப் போத்தலைத்தான். அம்மம்மா அதைக் கொடுத்துவிட்டு, "குடல் இளகும்" என்பார். அந்த ஒரு சொல்லைச் சோதித்துப் பார்க்கலாம் என்றுதான் ஆய்வுத் தலைப்பைத் தெரிவு செய்தேன்: ஓமச் சாறு சிறுகுடலின் மழமழப்பான தசையை உண்மையில் இளக்குகிறதா, இல்லையா? இப்போது என்னிடம் இரண்டு விடைகள் இருக்கின்றன. ஒன்று மற்றதை மறுக்கிறது.

பிழை எங்கோ செய்முறைக்குள் இருக்கிறது என்று நினைப்பதால், செய்ததை ஒளிக்காமல் எழுதுகிறேன். ஆய்வுக்கென்று ஒரு விலங்கைக் கொல்ல மனம் வரவில்லை. அதற்கான ஒழுக்கநெறி அனுமதியைப் பெறுவதற்குக் காலமும் இல்லை. எனவே மடுவத்தில் இறைச்சிக்காக அறுக்கப்படும் ஆட்டின் சிறுகுடலையே பயன்படுத்துகிறேன். அதிகாலையில் போய், இழையத்தை உயிருடன் வைத்திருக்கும் உப்புக் கரைசலான தைரோட் கரைசல் குளிர்ந்த நிலையில் உள்ள போத்தலில் குடல் துண்டைப் போட்டு, மீன் வியாபாரியிடம் வாங்கிய ஐஸ் நிரப்பிய றெஜிபோம் பெட்டிக்குள் அந்தப் போத்தலை வைத்து, ஒரு மணி நேரத்துக்குள் ஆய்வுகூடத்துக்குக் கொண்டு வந்துவிடுவேன். 2 சென்ரிமீற்றர் நீளத் துண்டை 20 மில்லிலீற்றர் கொள்ளும் இழையத் தொட்டியில் 37 பாகை செல்சியசில், காற்றுக் குமிழிகள் ஓட, 1 கிராம் இழுவிசையில் தொங்கவிட்டு, கால் மணி நேரத்துக்கு ஒருமுறை கரைசலை மாற்றி, முக்கால் மணி நேரம் அமைதியடைய விடுகிறேன்.

குடிநீருக்கு, அதாவது கசாயத்துக்கு, 10 கிராம் ஓமத் தூளை 100 மில்லிலீற்றர் நீரில் இட்டு, திறந்த முகவையில் 25 மில்லிலீற்றராகச் சுண்டும்வரை காய்ச்சி வடித்தேன். எதனோல் சாற்றுக்கு அதே 10 கிராமை 70 சதவீத எதனோல் 100 மில்லிலீற்றரில் மூன்று நாள் ஊறவைத்து வடித்து, அப்படியே பயன்படுத்தினேன்.

குடிநீரில் 1 மில்லிலீற்றர் விட்டால் அரை நிமிடத்துக்குள் திரையில் சுருக்கத்தைக் காட்டும் கோடு மேலெழுகிறது. குடலைச் சுருங்க வைக்கும் நரம்புப் பொருளான அசற்றைல்கோலின் கொடுக்கும் உயரத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வரை போய், பிறகு மெல்லச் சரிந்தாலும் கழுவும்வரை பழைய மட்டத்துக்கு வருவதில்லை. எதனோல் சாறு இதற்கு நேர்மாறு: அசற்றைல்கோலினால் சுருங்கி நிற்கும் இழையத்துக்கு அரை மில்லிலீற்றர் விட்டதும் கோடு விழுகிறது, இழையம் தானாகக் காட்டிக்கொண்டிருந்த சிறு அலைகளும் நின்றுவிடுகின்றன. ஓமத்தில் சுருக்குவது ஒன்று, தளர்த்துவது ஒன்று என இரண்டு கூறுகள் இருப்பதாக எழுதி முடிக்கலாம் என்று எனக்குச் சொல்லப்பட்டது. எழுதலாம்தான். ஆனால் அந்த இரண்டு கூறுகள் எவை என்று யாராவது கேட்டால் என்னிடம் பதில் இல்லை.

புகைத்தாள்:

தங்கையின் செய்முறை விவரமாக இருப்பதால் பதில் சொல்வது எளிதாகிறது. கல்முனைப் பக்கம் இருந்து எழுதுகிறேன். மருந்தியல் கற்பித்து ஓய்வுபெற்றவன். எங்கள் காலத்தில் திரை இல்லை. புகைக்கரி படியவைத்த தாளை உருளையில் சுற்றி, நெம்பின் முனை கீறும் வெள்ளைக் கோட்டைப் பார்த்துக்கொண்டிருப்போம். கருவி மாறியிருக்கிறது, ஆனால் தொட்டிக்குள் நடப்பது 1904 இல் ஜேர்மன் மருந்தியலாளர் ருடோல்ப் மக்னசு உடலுக்கு வெளியே எடுத்த பாலூட்டிக் குடலை உயிருடன் சுருங்க வைத்துக் காட்டிய அதே காரியம்தான். ஆகவே அந்தக் காலத்துச் சந்தேகங்களும் இன்னும் செல்லும்.

முதல் சந்தேகம் உப்பு. தாவர விதைகளில் பொற்றாசியம் நிறைய உண்டு. ஓமத்தின் உறவான சீரகத்தில் 100 கிராமுக்கு ஏறத்தாழ 1.8 கிராம் இருக்கிறது. ஓமத்துக்கும் அதே அளவு என்று வைத்து உங்கள் குடிநீரைக் கணக்கிட்டுப் பாருங்கள். 10 கிராமில் உள்ள 0.18 கிராம் பொற்றாசியம், அதாவது ஏறத்தாழ 4.6 மில்லிமோல், முழுவதும் நீரில் இறங்கி 25 மில்லிலீற்றருக்குள் அடங்கினால் லீற்றருக்கு 184 மில்லிமோல் ஆகிறது. அதில் 1 மில்லிலீற்றரை 20 மில்லிலீற்றர் தொட்டியில் விட்டால், தைரோட் கரைசலில் இயல்பாக 2.7 மில்லிமோலாக இருக்கும் பொற்றாசியம் 11 மில்லிமோலைத் தாண்டிவிடும். கலத்துக்கு வெளியே பொற்றாசியம் நான்கு மடங்கானால் மென்சவ்வு முனைவழிந்து (அதன் மின்னழுத்தம் குறைந்து), கல்சியத்தைக் கலத்துக்குள் விடும் எல் வகைக் கால்வாய்கள் திறந்து, தசை சுருங்கத்தான் செய்யும். இதற்கு ஓமமே தேவையில்லை; இளநீரை விட்டாலும் கோடு எழும்.

இரண்டாவது சந்தேகம் எதனோல். 70 சதவீத எதனோலில் அரை மில்லிலீற்றர் என்றால் தொட்டிக்குள் ஏறத்தாழ 1.7 சதவீதம், அதாவது லீற்றருக்கு 290 மில்லிமோல் அளவில் எதனோல் சேர்கிறது. அந்தச் செறிவில் எதனோல் தானே மழமழப்பான தசையைத் தளர்த்தும். கரைப்பானின் இறுதிச் செறிவு 0.1 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது என்று நாங்கள் மாணவர்களை வற்புறுத்துவோம். உங்கள் தொட்டிக்கு அது 20 மைக்ரோலீற்றர் தூய எதனோல். நீங்கள் விட்டது அதைப் போல் பதினேழு மடங்கு.

எனவே இப்போதைக்கு ஓமத்தைப் பற்றி உங்களிடம் எந்த முடிவும் இல்லை என்றே கொள்ளுங்கள். கடுமையாகச் சொல்கிறேன் என்று வருந்த வேண்டாம். "இரண்டு கூறுகள்" என்று எழுதி அச்சான பல கட்டுரைகளில் ஒரு கூறு உப்பாகவும் மற்றது கரைப்பானாகவும் இருந்திருக்கக்கூடும் என்பது என் நெடுநாளைய ஐயம்.

உப்பா என்று அறிய மலிவான வழி ஒன்று உண்டு. குடிநீரின் ஒரு பகுதியை வற்றவைத்து, உலையில் சாம்பலாக்கி, அந்தச் சாம்பலைப் பழைய கன அளவுக்கே நீரில் கரைத்து, அதன் காரத்தன்மையை நடுநிலைப்படுத்திவிட்டுத் தொட்டியில் விடுங்கள். சேதனச் சேர்வைகள் எரிந்து போயிருக்கும். உப்பு மட்டும் எஞ்சியிருக்கும். அப்போதும் கோடு அதே உயரத்துக்கு எழுந்தால் பதில் கிடைத்துவிட்டது. அசற்றைல்கோலினின் வேலையைத் தடுக்கும் அற்றோப்பீனை முன்கூட்டி விட்டும் பாருங்கள், ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள்: பொற்றாசியம் குடற்சுவரிலுள்ள நரம்பு முனைகளையும் தூண்டி அசற்றைல்கோலினை வெளிவிடச் செய்வதால், வெறும் பொற்றாசியச் சுருக்கத்திலும் ஒரு பகுதியை அற்றோப்பீன் குறைத்துக் காட்டும். அதைப் பார்த்துச் சாற்றில் அசற்றைல்கோலின் போன்ற பொருள் இருப்பதாக முடிவு கட்டியவர்கள் உண்டு.

தளர்வைப் பற்றி ஒன்று. ஒரு சாறு குடலைத் தளர்த்தியது என்று சொன்னால், குடலை எது சுருக்கி வைத்திருந்தது என்பதே என் முதற் கேள்வியாக இருக்கும். அசற்றைல்கோலின் கலத்தின் மேலுள்ள எம் 3 என்ற வாங்கியைப் பிடித்து, கலத்தின் உள்ளே சேமிப்பிலுள்ள கல்சியத்தை விடுவிக்கிறது. வெளியிலிருந்தும் கல்சியத்தை வரவழைக்கிறது. லீற்றருக்கு 80 மில்லிமோல் பொற்றாசியம் தரும் நீடித்த சுருக்கமோ பெரும்பாலும் எல் வகைக் கால்வாய் வழியாக வரும் கல்சியத்தால் நிற்பது. எந்த வழியால் வந்தாலும் கல்சியம் கல்மொடியூலின் என்ற புரதத்துடன் சேர்ந்து, தசையைச் சுருக்கும் மயோசின் புரதத்தின் இலேசான சங்கிலிக்குப் பொசுபேற்றை ஏற்றும் நொதியைத் தூண்டுகிறது; அங்கிருந்து பாதை ஒன்றுதான். ஆகவே ஒரே சாற்றை இரண்டு வகைச் சுருக்கத்திலும் வைத்துப் பார்க்க வேண்டும். அசற்றைல்கோலின் சுருக்கத்தை மட்டும் குறைத்து, 80 மில்லிமோல் பொற்றாசியச் சுருக்கத்தை விட்டுவைத்தால் அற்றோப்பீன் வழியைச் சந்தேகிக்கலாம். இரண்டையும் குறைத்தால் கல்சியக் கால்வாயை அடைக்கும் மருந்தான வெராபமிலின் வழி. பொற்றாசியத்தை 25 மில்லிமோலுக்கு உயர்த்தி எழுப்பிய சிறு சுருக்கத்தை மட்டும் தளர்த்தி, 80 ஐ அசைக்க முடியாவிட்டால் பொற்றாசியக் கால்வாயைத் திறக்கும் பொருளாக இருக்கலாம்.

ஓமத்துக்கு முன்னோடியும் உண்டு. கராச்சி ஆகா கான் பல்கலைக்கழகத்தில் அன்வர் ஹசன் ஜிலானியின் குழு 2005 இல் ஓம விதையின் நீர்-மெதனோல் சாற்றை முயலின் சிறுகுடலில் சோதித்தது. தானாக எழும் சுருக்கமும் பொற்றாசியம் எழுப்பிய சுருக்கமும் தளர்ந்தன. கல்சியம் இல்லாத கரைசலில் இழையத்தை வைத்துப் படிப்படியாகக் கல்சியத்தைச் சேர்த்தபோது கிடைக்கும் வளையி, வெராபமில் விட்டதுபோல வலப்பக்கம் நகர்ந்தது. ஆகவே அம்மம்மாவின் சொல்லில் பிழை இருக்காது. உங்கள் முகவையில்தான் இருக்கிறது.

திருக்கோவில் வைத்தியர்:

சேர் எழுதிய கணக்கு எனக்கு முழுதாக விளங்கவில்லை. ஆனால் முகவையில் பிழை என்றது சரி. மகள், திறந்த பாத்திரத்தில் நாலில் ஒன்றாகச் சுண்டக் காய்ச்சும் முறை வேர், பட்டை, கட்டை போன்ற கடுஞ்சரக்குகளுக்கு உரியது. மணத்தால் வேலை செய்யும் சரக்கை அப்படிக் காய்ச்சுவதில்லை. நீங்கள் காய்ச்சிய அன்று ஆய்வுகூடம் முழுவதும் ஓமம் மணத்திருக்கும். அப்படியானால் மருந்தில் பெரும்பங்கு யன்னலால் போய்விட்டது.

சித்த மருத்துவத்தில் குடிநீர் வேறு, தீநீர் வேறு. உங்கள் அம்மம்மா வைத்திருக்கும் ஓமத் தண்ணீர் ஓமத்தீநீர் என்ற வகையைச் சேர்ந்தது. ஓமத்தை இடித்து நீரில் ஊறவைத்து, வாலையில் ஏற்றிச் சிறு தீயில் எரித்தால், ஆவி மேலே போய்க் குளிர்ந்து மூக்கின் வழியாகத் துளித்துளியாக இறங்கும். முதலில் இறங்குவதை ஒரு கண்ணாடிக் குவளையில் பிடித்து வெளிச்சத்தில் பார்த்தால், மேலே மெல்லிய எண்ணெய்ப் படலம் வட்டம் வட்டமாக மிதக்கும். நாவில் ஒரு துளி வைத்தால் முதலில் சுரீரென்று எரிந்து, பிறகு மரத்துப் போகும். சட்டியின் அடியில் மிஞ்சும் கசட்டை நாங்கள் கொட்டிவிடுவோம். நாங்கள் கொட்டுவதைத்தான் நீங்கள் தொட்டியில் விட்டிருக்கிறீர்கள்.

இன்னொன்றையும் கேட்க வேண்டும். ஓமத்தை எங்கே வாங்கினீர்கள், யார் பார்த்து உறுதிப்படுத்தினார்கள்? மருந்துச் சரக்குக் கடைகளில் குரோசாணி ஓமம் என்று இன்னொன்று உண்டு. பெயரில் ஓமம் இருந்தாலும் அது வேறு குடும்பத்துச் செடி. ஊமத்தையின் இனம், நஞ்சுள்ளது. ஓம விதை வரி ஓடிய நீள்வட்டமாக இருக்கும், கசக்கினால் மூக்கில் ஏறும். குரோசாணி விதை தட்டையாக, சிறுநீரக வடிவில், மேற்பரப்பில் குழிகளோடு இருக்கும், மணம் இராது. ஒரு பிடியை வெள்ளைத் தாளில் கொட்டிக் கைவில்லையால் பார்த்தாலே தெரியும்.

புகைத்தாள்:

வைத்தியர் ஐயா சொன்ன கடைசி விடயத்தை நான் விட்டுவிட்டேன், நன்றி. குரோசாணி ஓமத்தில் இருப்பது அற்றோப்பீனின் நெருங்கிய உறவான ஹயோசயமின். மாதிரியில் சிறிதளவு கலந்திருந்தாலும் அசற்றைல்கோலின் சுருக்கம் குறையும், தங்கை அதை ஓமத்தின் கணக்கில் எழுதிவிடுவார். வேறுபடுத்த வழி உண்டு: அற்றோப்பீன் வகைப் பொருள் இருந்தால் அசற்றைல்கோலினின் செறிவு-விளைவு வளையி உச்சம் குறையாமல் வலப்பக்கம் இணையாக நகரும், கல்சியக் கால்வாயை அடைக்கும் பொருள் உச்சத்தையே தாழ்த்திவிடும். ஒரே ஒரு செறிவை மட்டும் விட்டுப் பார்த்தால் இந்த வேறுபாடு கண்ணில் படாது.

தீநீரை விடும்போது அதில் உப்பே இல்லை என்பதை மறக்க வேண்டாம். 20 மில்லிலீற்றரில் 2 மில்லிலீற்றர் தீநீர் விட்டால் தொட்டியின் உப்புகளின் செறிவெல்லாம் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். அதே அளவு வெறும் காய்ச்சி வடித்த நீரையும் ஒருமுறை விட்டு ஒப்பிடுங்கள்.

வாவிக்கரை:

சேர், வைத்தியர் ஐயா, இருவருக்கும் நன்றி. பதில் எழுத மூன்று கிழமை பிடித்துவிட்டது. இடையில் இரண்டு காலைகள் மின்வெட்டினால் தொட்டி குளிர்ந்து வீணாயின.

விதையை முதலில் பார்த்தேன். முழுவதும் வரியோடிய ஓமம்தான்; தாவரவியல் விரிவுரையாளரிடமும் காட்டி எழுத்தில் வாங்கிக்கொண்டேன். பிறகு சாம்பல். குடிநீர் எவ்வளவு உயரத்துக்குக் கோட்டை எழுப்பியதோ, சாம்பல் கரைசலும் ஏறத்தாழ அதே உயரத்துக்கு எழுப்பியது. பொற்றாசியத்தை 11 மில்லிமோலுக்குக் கொண்டுவரும் அளவு பொற்றாசியம் குளோரைட்டைத் தனியாக விட்டபோதும் அதே வடிவம்: அரை நிமிட எழுச்சி, பிறகு மெல்லிய சரிவு. அற்றோப்பீன் அதில் ஒரு பகுதியைக் குறைத்தது, சேர் எச்சரித்தபடியே. எச்சரிக்கை இல்லாதிருந்தால் அந்த இடத்தில் நான் வழுக்கியிருப்பேன். ஓமம் சேராத 70 சதவீத எதனோலில் அரை மில்லிலீற்றர் விட்டதும் சுருக்கம் பாதிக்கும் மேல் விழுந்தது. ஆக என் முதல் இரண்டு விடைகளையும் அடித்துவிட்டேன்.

வீட்டில் வாலை இல்லாததால், ஆய்வுகூடத்து வடிகலனில் ஓமத்தை நீரோடு ஏற்றி முதல் 50 மில்லிலீற்றரைப் பிடித்தேன். ஐயா சொன்ன வட்டங்கள் மிதந்தன. நாவில் வைத்துப் பார்க்கவில்லை. படலத்தை ஒதுக்கி, தெளிந்த நீரில் 1 மில்லிலீற்றரை, 80 மில்லிமோல் பொற்றாசியத்தில் சுருங்கி நிலைத்திருந்த இழையத்துக்கு விட்டதும், கோடு இரண்டு நிமிடத்தில் ஏறத்தாழ அடிமட்டத்துக்கு இறங்கியது. காய்ச்சி வடித்த வெறும் நீர் சிறு அசைவுக்கு மேல் ஒன்றும் செய்யவில்லை. அசற்றைல்கோலின் சுருக்கமும் தீநீரால் தளர்ந்தது.

ஒரு சிக்கல் மிச்சம். தீநீரை 2 மில்லிலீற்றராகக் கூட்டிய நாளில், நான்கு முறை கழுவிய பின்னும் இழையம் பழையபடி சுருங்கவில்லை. மருந்து ஒட்டிக்கொண்டதா, இழையம் செத்துவிட்டதா?

மருந்துச்சீட்டு:

இந்த இழையை மட்டக்களப்பில் இருந்து வாசிக்கும் மருந்தாளர் ஒருத்தியின் இடைக்குறிப்பு. மேலே உள்ள கேள்விக்குச் சேர் பதில் சொல்லட்டும். கலந்துரையாடல் பகுதியை எழுதும்போது தங்கை ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். தொட்டியில் தீநீர் குடலின் வெளிப்புறத்தைத் தொட்டுத் தசைக்குள் போகிறது. குடித்தவருக்கு அது உட்புறத்திலிருந்து, சீதப்படையைக் கடந்து வருகிறது. ஓமத்தின் மணத்துக்குக் காரணமான முக்கியப் பொருள் தைமோல். அது மேற்குடலிலேயே விரைவாக அகத்துறிஞ்சப்பட்டு, குருதியில் பெரும்பாலும் சல்பேற்றாக மாற்றப்பட்ட வடிவிலேயே காணப்படுகிறது. எனவே இரைப்பையிலும் சிறுகுடலின் தொடக்கத்திலும் அது நேரடியாகத் தசையை இளக்குவது நம்பத்தக்கது; பெருங்குடல்வரை அதே வேலையைச் செய்யும் என்று உங்கள் தொட்டியை வைத்து எழுத முடியாது.

மருந்தகத்தில் நிற்பவள் என்பதால் இன்னொன்று: முறுக்கு வலியோடு காய்ச்சல், பச்சை நிற வாந்தி, வாயு பிரியாமை, வலது அடிவயிற்றில் தொட்டால் நோவு என்று ஏதாவது இருந்தால், ஓமத் தண்ணீர் வலியைக் கொஞ்சம் அடக்குவதே ஆபத்தாகிவிடும். அங்கே நேரம் போகக்கூடாது.

புகைத்தாள்:

ஒட்டிக்கொண்டதா, செத்துவிட்டதா என்பதற்கு: இரண்டும் நடந்திருக்கலாம். தைமோல் கொழுப்பில் எளிதில் கரைவது. மென்சவ்வுக்குள் புகுந்துகொண்டு மெதுவாகவே வெளிவரும். அதேவேளை அது கிருமிகளின் மென்சவ்வைச் சிதைக்கும் பொருள் என்பதால், செறிவு ஏறினால் ஆட்டின் குடலையும் விட்டுவைக்காது. நீரில் அதன் கரைதிறன் லீற்றருக்கு 1 கிராமுக்குச் சற்றுக் குறைவு. உங்கள் தீநீர் அந்த எல்லையை நெருங்கியிருந்தால், 2 மில்லிலீற்றர் விடும்போது தொட்டியில் லீற்றருக்கு 80 மில்லிகிராம்வரை, அதாவது அரை மில்லிமோல் அளவில் தைமோல் இருக்கும். தனித்த இழையத்துக்கு அது பெரிய அளவு.

தீநீரைப் பெரிய அளவில் விடுவதைக் கைவிட்டு, 50 மைக்ரோலீற்றரிலிருந்து தொடங்கி ஒவ்வொரு முறையும் இரட்டிப்பாக்கிக்கொண்டு போங்கள். ஒவ்வோர் அளவுக்கும் பிறகு அரை மணி நேரம் கழுவி, தொடக்கத்தில் விட்ட அதே அசற்றைல்கோலினை மீண்டும் விடுங்கள். பழைய உயரத்தில் பத்தில் ஒன்பது பங்காவது திரும்பி வரும் அளவுகளை மட்டும் தளர்வு என்று கணக்கில் எடுங்கள். அதற்கு மேற்பட்டவை அட்டவணையில் இருக்கட்டும், ஆனால் தனி வரியில், "மீளாதவை" என்ற குறிப்போடு. ஒரே ஆட்டின் நான்கு துண்டுகளை நான்கு மாதிரிகள் என்று எண்ணிவிடவும் வேண்டாம். குறைந்தது ஐந்து ஆடுகள் வேண்டும். மடுவத்துக்காரரிடம் இப்போதே சொல்லி வைத்துவிடுங்கள்.